45 நாள் குட்டி வாங்கப் போகிறீர்களா? நாய் வளர்ப்பு விதிகளில் ஏமாறும் இடங்கள்

“குட்டிக்கு 45 நாள் ஆச்சு, தடுப்பூசி போட்டாச்சு, பேப்பர் இருக்கு.” இந்த மூன்றையும் நம்பிப் பணத்தை அனுப்பிவிட்டு, நாலாம் நாள் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். புகார் எழுதித் தரச் சொல்லி வருபவர்களில் பலருக்கு, நாய்க்குட்டி விற்க அரசுப் பதிவு வேண்டும் என்பதே தெரியாது. விற்றவருக்கும் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறார்.

பின்னணி சுருக்கமாக: மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் கீழ், நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனைக்கான விதிகளை மத்திய அரசு 2017 மே மாதம் கொண்டுவந்தது. குட்டி போடவைத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய். 2 ஆண்டு செல்லும். வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. சான்றிதழை வருபவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும்.

முதல் சிக்கல், “நான் பிரீடர் இல்லைங்க, வீட்டில் ஒரு பெண் நாய் இருக்கு, அவ்வளவுதான்” என்பது. விதியில் அந்தச் சலுகை இல்லை. இத்தனை நாய்க்கு மேல் இருந்தால்தான் பதிவு என்று எண்ணிக்கை எதுவும் வைக்கவில்லை. விற்பதற்காகக் குட்டி எடுத்தால் நீங்கள் பிரீடர்தான். வீட்டு மாடியாக இருந்தாலும் அது கென்னல்தான், அதாவது நாய் வளர்த்து விற்கும் இடம்தான். இடையில் நின்று கை மாற்றிவிடும் தரகரும் இதற்குள் வருகிறார். “நான் சும்மா போட்டோ அனுப்பினேன், குட்டி வேற ஒருத்தருடையது” என்று அவர் நழுவினால் விடாதீர்கள்.

அடுத்தது வயது. சந்தையில் எல்லோரும் 45 நாள் என்கிறார்கள். விதியில் இருப்பது 8 வாரம். அதாவது 56 நாள். அதற்கு முன் குட்டியை விற்கவே கூடாது. 45 நாள் என்று விற்பவர், தான் விதியை மீறுவதைத் தானே வாய்விட்டுச் சொல்கிறார். நமக்குத்தான் அது காதில் விழுவதில்லை.

அந்த 45 நாளாவது உண்மையா என்றால் அதுவும் இல்லை. ஓர் அம்மா கொண்டுவந்த லாப்ரடார் குட்டியின் அட்டையில் 48 நாள் என்று எழுதியிருந்தது. ஆம்னி பஸ்ஸில் அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். மருத்துவர் விரலால் உதட்டை ஒதுக்கிக் காட்டினார். முன்பற்கள் அரிசி நொய் போல எட்டிப் பார்த்தன. கோரைப் பல் அப்போதுதான் ஈறைக் கீறிக்கொண்டு வந்திருந்தது. பின்பக்க ஈறு மொழுமொழுவென்று இருந்தது. கோரைப் பல் முளைப்பது 3 முதல் 5 வாரத்தில். 8 வாரக் குட்டிக்குப் பெரும்பாலும் 28 பால்பற்களும் வந்திருக்கும். இவ்வளவு தெரிந்திருந்தால் போதும், பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே வாயைத் திறந்து பார்த்துவிடலாம். அதே அட்டையில் ரேபிஸ் தடுப்பூசி போட்டதாகவும் ஒரு ஸ்டிக்கர். ரேபிஸ் ஊசியைப் பொதுவாக 3 மாதத்தில்தான் போடுவார்கள்.

8 வாரம் ஏன் என்று கேட்டால், பால் குடிக்க என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பால் மட்டும் இல்லை. குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம் ஏறக்குறைய 3-ஆவது வாரத்தில் தொடங்கி 12, 14-ஆவது வாரத்தில் முடிந்துவிடுகிறது. அதில் முதல் 5 வாரம் கென்னலில்தான் கழிகிறது. கூடப் பிறந்த குட்டியைக் கடித்து, அது வீலென்று கத்தி விளையாட்டை நிறுத்தும்போதுதான் கடியின் அளவு தெரியவருகிறது. அதிகமாகப் படுத்தினால் தாய் உறுமி அடக்கும். 30 நாளில் தூக்கிவந்த குட்டிக்கு இந்தப் பாடம் இல்லை. ஆறு மாதம் கழித்து “கை வைத்தாலே கடிக்குது” என்று அதைக் கொண்டுபோய்த் தெருவில் விடுகிறார்கள்.

ஆகவே கென்னலுக்குப் போனால் டைல்ஸையும் ஃபேனையும் பார்த்து அசந்துவிடாதீர்கள். குட்டிகள் இருக்கும் இடத்துக்கு வெளியே ஒரு தட்டைக் கீழே போடச் சொல்லுங்கள். நல்ல கென்னல் குட்டி திடுக்கிடும், காதைத் தூக்கும், அப்புறம் சத்தம் வந்த பக்கம் தத்தித் தத்தி வரும். மூலையில் ஒடுங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நடுங்கினால், அவற்றை யாரும் கையில் எடுத்துப் பழக்கவில்லை என்று சந்தேகப்படலாம். தினமும் சில நிமிடம் ஒவ்வொரு குட்டியையும் தனித்தனியாகத் தூக்குவது, பாதத்தையும் காதையும் தொட்டுப் பழக்குவது, மிக்சி, ரேடியோ ஓடும் இடத்தில் வளரவிடுவது, மண், சாக்கு, சிமென்ட் என்று வேறு வேறு தரையில் நடக்கவிடுவது — இதற்கெல்லாம் செலவே இல்லை, ஆள்தான் வேண்டும். பார்வோ என்ற தொற்றுநோய்ப் பயத்தால் வெளியாட்களை உள்ளே விடாத கென்னல் தப்பில்லை. ஆனால் அதே பயத்தைக் காரணமாகச் சொல்லி வீட்டு ஆட்களும் குட்டியைத் தொடாமல் இருந்தால் அது சோம்பல். ஆய்வுக்கு வரும் அதிகாரி கூண்டின் நீள அகலத்தையும் செலானையும் பார்ப்பார்; தட்டைக் கீழே போட்டுப் பார்த்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தாயைக் காட்டச் சொல்லுங்கள். “தாய் வேற இடத்தில் இருக்கு” என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். 18 மாதம் ஆகாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈத்துதான். வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது. 8 வயதுக்கு மேல் கூடவே கூடாது. இவ்வளவு விதி இருந்தும், காம்பு தொங்கிப்போய், ஆள் வந்தால் கூண்டின் பின்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் தாய் நாயைப் பல இடங்களில் பார்க்கிறோம். ஆளைக் கண்டு மிரளும் தாயைப் பார்த்துத்தான் குட்டியும் மிரளக் கற்கிறது. குட்டி போடும் நாயையும் வெளியே கூட்டிப்போய், மனிதர்களோடு பழகவிட்டு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டதும் வரும் முகபாவமே பதில்.

இனி “பேப்பர்”. இதில்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். கெனல் கிளப் ஆஃப் இந்தியா தரும் சான்றிதழ் வம்சாவளிக்கானது. அது அரசுப் பதிவு இல்லை. மாநகராட்சி தரும் உரிமம் நாயை வளர்ப்பதற்கு, விற்பதற்கு இல்லை. தடுப்பூசி அட்டை தடுப்பூசி அட்டைதான். நீங்கள் கேட்க வேண்டியது மாநில விலங்குகள் நல வாரியத்தின் பதிவுச் சான்றிதழ். அதில் உள்ள பெயரும் முகவரியும் நீங்கள் நிற்கும் இடத்தோடு ஒத்துப்போகிறதா, 2 ஆண்டு முடியவில்லையா என்று பாருங்கள். குட்டிக்கு மைக்ரோசிப், அதாவது தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு, போட்டிருக்க வேண்டும். ரீடரை வைத்துப் பார்த்து, வரும் 15 இலக்க எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். என்ன தீனி கொடுத்தார்கள், எந்தத் தேதியில் ஊசியும் பூச்சி மருந்தும் கொடுத்தார்கள், பார்த்த மருத்துவரின் பெயர், முகவரி எல்லாம் எழுத்தில் தருவது விற்பவரின் கடமை. “ஜீபே பண்ணுங்க, பில் எதுக்கு” என்பவரிடம் வாங்காதீர்கள்.

ஒழுங்காகப் பதிவு செய்ய நினைப்பவர் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். சிப்பிப்பாறை நாய் இரண்டு வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். கால்நடை மருத்துவமனையில் கேட்டால் மாநகராட்சிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, “நாய் வளர்க்கத்தான் நாங்க லைசென்ஸ் தருவோம், கிளப்பில் கேளுங்க பெரியவரே” என்றார்கள். கிளப் ஆட்கள் வம்சாவளி மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். கலெக்டர் அலுவலகத்தில், “இது எங்க செக்‌ஷன் இல்லை.” நான்கு நாள் கூலி போயிற்று. ஐயாயிரத்தைக் கட்டத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அலைகிறார், அதை வாங்க ஆள் இல்லை!

அதனால் ஒவ்வொரு படியாக ஏறி இறங்காதீர்கள். விண்ணப்பத்தை நேரே மாநில வாரியத்தின் முகவரிக்கு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை உங்கள் மாவட்டத்துக் கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநருக்குக் கொடுத்து, உங்கள் பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். “வாயால சொல்லிட்டோமே” என்பதற்கு மதிப்பு இல்லை. ஒரு மாதம் சத்தமே இல்லை என்றால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, என் விண்ணப்பம் யார் மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பெரியவருக்கு வேலை நகர்ந்தது அந்தப் பத்து ரூபாயில்தான். வாங்குபவர்களும் இதே வழியில், இன்ன முகவரியில் பதிவு பெற்ற கென்னல் இருக்கிறதா என்று வாரியத்தைக் கேட்கலாம்.

பதிவு கிடைத்ததோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். முந்தைய ஆண்டில் எத்தனை விற்றீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். விற்ற குட்டி எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது விசாரிக்கவும் வேண்டும். ஒரு நோட்டுப் போட்டு ஈத்து வாரியாக எழுதி வையுங்கள். புதுப்பிக்கும்போது நினைவிலிருந்து எழுதப்போய் மாட்டியவர்கள் உண்டு.

ஏமாந்துவிட்டால்? காவல் நிலையம் போனால் பெரும்பாலும் புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுவார்கள். அதையாவது வாங்கி வையுங்கள். விதியை மீறியதற்கு மிருகவதைத் தடுப்புச் சட்டம் சொல்லும் தண்டனை 100 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-இல் எழுதிய நூறு ரூபாய். அதைக் கேட்டு விற்பவர் சிரிக்கத்தான் செய்வார். பணம் திரும்ப வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் எடுங்கள். குட்டியின் வயது என்ன என்று மருத்துவர் கையெழுத்தோடு ஒரு சீட்டு முதல் நாளே வாங்குங்கள். பத்து நாள் தள்ளிப்போனால், அந்தப் பல் முளைத்துவிடும்.