முழங்காலுக்கு மேலே ஒரு புடைப்பு

12, 13 வயதுப் பையன். குளிக்கும்போது சோப்புப் போட்ட கை முழங்காலுக்குச் சற்று மேலே எதிலோ இடறுகிறது. அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி இருக்கிறது, நகரவில்லை, வலிக்கவும் இல்லை. அம்மாவிடம் காட்டுகிறான். ‘எலும்பில் கட்டி’ என்றதும் அந்த வீட்டில் அன்றிரவு யாருக்கும் தூக்கம் வராது.

இப்படி வரும் புடைப்பு பெரும்பாலும் ஆஸ்டியோகாண்ட்ரோமாதான். தீங்கற்ற எலும்புக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இது. கட்டி என்ற சொல்லே இதற்குப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். இது எப்படி முளைக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

பிள்ளைகளின் கைகால் எலும்புகள் நடுவிலிருந்து நீள்வதில்லை. முனைகளுக்குப் பக்கத்தில் குருத்தெலும்பாலான மெல்லிய வளர்தட்டு இருக்கிறது. அதில் செல்கள் காசு அடுக்கியதுபோல் வரிசையாகப் பெருகும். அடுக்கின் ஒரு முனையில் இருப்பவை எலும்பாக இறுகும். இந்தத் தட்டின் ஓரத்திலிருந்து ஒரு சிறு துணுக்கு பக்கவாட்டில் நழுவிவிட்டால்? அதற்குத் தெரிந்த வேலை எலும்பு வளர்ப்பது ஒன்றுதான். போன இடத்திலும் அதையே செய்கிறது, திசை மட்டும் தவறிவிட்டது. உடலில் அதிக நீளம் வளரும் இடம் முழங்காலைச் சுற்றித்தான். அதனால்தான் இந்தப் புடைப்பும் அங்கே அதிகம். அடுத்தபடியாகத் தோள்பட்டைக்குக் கீழே.

எக்ஸ்-ரேயைக் கையில் வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எலும்பின் ஓரத்து வெள்ளைக் கோடு எங்கும் அறுபடாமல் அப்படியே வளைந்து புடைப்பின் மேலேறி இறங்கும். உள்ளிருக்கும் மஜ்ஜையும் தடையில்லாமல் அதற்குள் ஓடும். நுனி பெரும்பாலும் மூட்டுக்கு எதிர்ப்பக்கமாக, சுவரில் அடித்த கொக்கிபோல் சாய்ந்திருக்கும். சிலருக்குக் காம்பு இல்லாமல் அகலமாக மேடிட்டிருக்கும். ‘கைக்குப் பெரிதாகத் தெரிகிறது, படத்தில் சின்னதாக இருக்கிறதே’ என்று சிலர் குழம்புவார்கள். நுனியில் குருத்தெலும்புத் தொப்பி ஒன்று உண்டு. எக்ஸ்-ரேயில் அது சரியாகத் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

வளர்தட்டின் துணுக்கு என்பதால் வளர்தட்டின் கணக்கே இதற்கும். பிள்ளையின் உயரம் நிற்கும் வயதில் இதுவும் நிற்கும். வலி இல்லை, எதையும் அழுத்தவில்லை என்றால் அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். எண்ணெய் போட்டு உருவினால் கரையாது, அது எலும்பு. உருவுவதில் வலி கூடுவதுதான் மிச்சம்.

உடலில் பல இடங்களில் இப்படிப் புடைத்திருந்தால் கதை வேறு. இ.எக்ஸ்.டி-1 அல்லது இ.எக்ஸ்.டி-2 என்ற மரபணுவில் வரும் பழுது பெரும்பாலும் அதற்குக் காரணம். ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியைத் தயாரிக்க இந்த மரபணுக்கள் வேண்டும். வளர்தட்டில் செல்லுக்குச் செல் போகும் வளர்ச்சிச் செய்திகளைப் பிடித்து வழிநடத்துவது அந்தச் சங்கிலி. அது குறைந்தால் செல்களுக்குத் திசை தப்புகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. இவர்களுக்கு முன்கை வளைவது, ஒரு கால் குட்டையாவது போன்ற சிக்கல்களும் வரலாம்.

கவலைப்பட வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. வளர்ச்சி நின்ற பிறகும் புடைப்பு பெரிதானால், அல்லது காரணமில்லாமல் புதிதாக வலித்தால், தாமதிக்காமல் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தொப்பியின் கனம் சில மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் புற்றாக மாறுகிறதா என்ற சந்தேகம் வலுக்கும். ஒற்றைப் புடைப்பில் அந்த ஆபத்து சுமார் 1 சதவீதம், பல இருந்தால் சற்றுக் கூடுதல்.

அப்புறம் அறுவை சிகிச்சை. தசைநாண் உரசி வலிப்பது, காம்பு முறிவது, முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாயைப் புடைப்பு நெருக்குவது, கீழ்க்காலின் வெளிப்பக்க நரம்பு அழுந்திப் பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, இவைதான் முக்கியக் காரணங்கள். அவசரம் இல்லாவிட்டால் காத்திருக்கவே சொல்வார்கள். சின்ன வயதில் புடைப்பின் அடி வளர்தட்டை ஒட்டியிருக்கும். உளி அங்கே பட்டால் கால் கோணலாக வளரக்கூடும். எலும்பு நீள நீளப் புடைப்பு தட்டிலிருந்து விலகிப் போகும், வெட்டுவதும் எளிதாகும்.

வெட்டும்போது அடியோடு, எலும்பின் மட்டத்துக்கு எடுக்க வேண்டும். அதைவிட முக்கியம் அந்தத் தொப்பி. அதை மூடிய மெல்லிய சவ்வோடு சேர்த்து முழுசாக வர வேண்டும். கொஞ்சம் தங்கினாலும் அது மறுபடி எலும்பு வளர்க்கத் தொடங்கலாம். எடுத்ததைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கேயும் தவறாமல் அளப்பது அந்தத் தொப்பியின் கனத்தைத்தான்.