வண்டு பறக்கும் மாதம் உங்கள் விண்ணப்பத்தில் இருக்கிறதா?

சேலம் வட்டாரக் கல்லூரிகளின் இளம் ஆசிரியர்கள் ஆராய்ச்சி நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்தித் தருகிறேன். உழைப்பில் யாரும் குறை வைப்பதில்லை. பிறர் செய்த முன்னாய்வுகளைப் பத்துப் பக்கம் அடுக்கிவிடுகிறார்கள். எதைக் கண்டறியப் போகிறோம் என்ற ஒரு வரிதான் அகப்படுவதில்லை.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். அராபிகா காப்பிச் செடியின் தண்டுக்குள் இதன் புழு குடைந்தே செடியைச் சாகடித்துவிடும். 'சேர்வராயன் மலையில் துளைப்பான் தாக்குதல்' என்பது தலைப்பு. அதில் கேள்வியே இல்லை. வெயில் படும் செடியையே இந்த வண்டு அதிகம் நாடும் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. அப்படியானால், மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் நிழலும், பலாவும் அத்தியும் கலந்த நிழலும் செடியை ஒரே அளவில் காக்கின்றனவா? இப்படிக் கேட்டதும் எத்தனை தோட்டம், எத்தனை செடி, எதை அளப்பது என்பதெல்லாம் தாமாகவே தெளிந்தன.

கால அட்டவணைதான் என்னைக் கவலைப்பட வைத்தது. 'முதல் ஆறு மாதம் கள ஆய்வு' என்று இருந்தது. வண்டுகள் வெளிவந்து பறப்பது ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும். நிதி ஆணை ஜூனில் வந்தால் ஒரு பருவம் கைநழுவிப் போகும். பூச்சியியல் தெரிந்த மதிப்பீட்டாளர் அந்த இடத்திலேயே நம்பிக்கை இழந்துவிடுவார். பருவத்தை வைத்துத் திட்டமிடுங்கள். ஆணை தாமதமானால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

செலவுக் கணக்கிலும் இதே கோளாறு. பெரும்பகுதி ஒரு நுண்ணோக்கிக்கு. மூன்று ஆண்டுகள் மலையேறி இறங்கும் செலவுக்கோ சொற்பத் தொகை. செய்முறையின் ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் ரூபாயை எழுதிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

விண்ணப்பிக்கும் முன்பே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஏற்காடு பஸ் ஏறச் சொன்னேன். இரு வகை நிழலிலும் நூறு நூறு செடிகளைப் பார்த்து, புழு குடைந்ததற்கு அடையாளமாகப் பட்டையில் மேடு தட்டிய தண்டுகளை எண்ணி வந்தார். பத்துப் பக்க முன்னாய்வைவிட அந்தச் சிறு அட்டவணைக்கே மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று: ஆராய்ச்சிக்கு நிதி வழங்கிவந்த மத்திய அரசின் பழைய அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையோடு இணைந்துவிட்டது. மூத்தவர்களிடம் வாங்கிய பழைய படிவத்தைப் பார்த்து எழுதாதீர்கள். தோட்ட உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் கல்லூரி முதல்வரின் கையொப்பத்தையும் கடைசி வாரத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.