திரையில் சிவப்பு, மேடையில் மஞ்சள்: லைட்டிங் மென்பொருள் பழகுகிறவர்களுக்கு

நாடக லைட்டிங்கைக் கணினியில் பழக வருகிறவர்கள் எடுத்ததும் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்றுதான். காசில்லாமல் தொடங்க க்யூஎல்சி ப்ளஸ் போதும். திறந்த மூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும், ராஸ்பெர்ரி பையில்கூட ஓடும். பெரிய அரங்குகளில் வேலை செய்கிற ஆசை இருந்தால் ஈடிசி நிறுவனத்தின் ஈயாஸ், அல்லது கிராண்ட்எம்ஏ3, இரண்டுக்கும் கணினிப் பதிப்பு உண்டு, இலவசமாக இறக்கி வீட்டிலேயே பழகலாம். நிஜ விளக்கை எரிய வைக்க வேண்டும் என்னும்போதுதான் அவர்களுடைய வன்பொருளை விலை கொடுத்து வாங்க வேண்டிவரும். சரி, அந்தக் கேள்வி முடிந்தது. யாருமே கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. திரையில் காட்டுவது மேடையில் நடக்கிறதா என்று அந்த மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. புதியவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

கணினிக்கும் விளக்குக்கும் நடுவில் இருப்பது டிஎம்எக்ஸ் 512 என்கிற பழைய ஏற்பாடு. 1986-இல் யூஎஸ்ஐடிடி என்ற அமெரிக்க அரங்கத் தொழில்நுட்ப அமைப்பு வகுத்தது, இன்றுவரை உலகம் முழுக்க அதுதான். ஒரே வயரில் 512 எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255-க்குள், நொடிக்கு அதிகபட்சம் 44 முறை திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருக்கும். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி: அறிவிப்பவர் சொல்லிக்கொண்டே இருப்பார், யார் ஏறினார், யார் தவறவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. எல்லா விளக்கும் எல்லா எண்ணையும் கேட்கிறது. தன் அட்ரஸிலிருந்து (அதாவது, எத்தனையாவது எண்ணிலிருந்து கேட்க வேண்டும் என்று அதில் வைத்திருக்கும் எண்ணிலிருந்து) தொடங்கி தனக்கு வேண்டிய சில எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பதில் சொல்வதில்லை. ஆர்டிஎம் என்று பதில் சொல்லும் வசதியும் பிறகு வந்தது, ஆனால் நமக்கு வாடகைக்குக் கிடைக்கும் மலிவு எல்இடி பார் லைட்டுகளில் (பார் என்பது மேடைக்கு நிறம் பாய்ச்சும் சாதாரண விளக்கு) அதை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு கல்லூரி நாடகக் குழுவின் ஒத்திகைக்கு உதவப் போயிருந்தேன். லேப்டாப் திரையில் வரிசையாக எல்லா பாரும் சிவப்பு. மேடையில் பார்த்தால் சில சிவப்பு, ஒன்று பளிச்சென்று மஞ்சள், ஒன்று எரியவே இல்லை. சாஃப்ட்வேரில் பக் இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார்கள், ஒருவர் அழித்துவிட்டு மறுபடி நிறுவிக்கொண்டிருந்தார். மென்பொருளில் ஒரு குறையும் இல்லை. அந்த பாருக்கு எட்டு சேனல் (அதாவது எட்டு எண்) எடுக்கும் மோட் ஒன்று, நான்கு சேனல் மோட் ஒன்று. எட்டில் வரிசை இப்படி: டிம்மர் (மொத்த வெளிச்ச அளவு), சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, பிறகு ஸ்ட்ரோப் (வேகமாகச் சிமிட்டுவது) வகையறா. நான்கில் டிம்மர் கிடையாது, நேரே சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை. மென்பொருளில் எல்லாவற்றையும் எட்டு சேனலாகப் பதிந்திருந்தார்கள். மஞ்சளாக எரிந்தது நான்கு சேனல் மோடில் கிடந்தது. முதல் எண்ணாக வந்த டிம்மர் 255-ஐத் தன் சிவப்பு என்று எடுத்துக்கொண்டது, இரண்டாவதாக வந்த சிவப்பு 255-ஐத் தன் பச்சை என்று எடுத்துக்கொண்டது. சிவப்பும் பச்சையும் முழுதாகச் சேர்ந்தால் மஞ்சள்தானே. எரியாத விளக்கின் கதை இன்னும் எளிது, 17 இருக்க வேண்டிய அட்ரஸ் 18 என்று இருந்தது. சிவப்புக்கான 255 அதன் டிம்மருக்குப் போனது, பச்சைக்கான பூஜ்யம் அதன் சிவப்புக்குப் போனது, அடுத்தடுத்த நிறங்களுக்கும் பூஜ்யம்தான். டிம்மர் முழுசாகத் திறந்திருக்கிறது, நிறம் எதுவும் இல்லை, ஆகவே இருட்டு.

இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள், அப்புறம் எந்த மென்பொருளில் உட்கார்ந்தாலும் பயம் இருக்காது. எட்டு சேனல் விளக்குகள் என்றால் அட்ரஸ் 1, 9, 17, 25 என்று போகும். 512-ஐ எட்டால் வகுத்தால் 64, ஆக ஒரு யூனிவர்ஸில், அதாவது 512 எண் கொண்ட ஒரு தொகுப்பில், அப்படி 64 விளக்கு. பழைய விளக்குகளில் அட்ரஸ் வைக்கச் சின்னச் சின்ன சுவிட்ச் வரிசை இருக்கும், அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும், 9 வேண்டுமென்றால் முதலாவதையும் நான்காவதையும் ஆன் செய்ய வேண்டும். க்யூஎல்சி ப்ளஸ்ஸில் அதைப் படமாகக் காட்டும் ஒரு வசதியே உண்டு. கல்யாண மண்டபத்தில் ஆடிவிட்டு வரும் வாடகை பார்களை மட்டும் கூடுதலாக ஒருமுறை பாருங்கள். சவுண்ட் மோடிலேயே விட்டிருப்பார்கள், நடிகர் குரலை உயர்த்தும்போதெல்லாம் விளக்கு நிறம் மாறும், நீங்கள் அனுப்பும் எண்ணைச் சட்டையே செய்யாது.

அடுத்தது, க்யூஎல்சி ப்ளஸ்ஸில் எல்லோரும் தவறாமல் விழும் ஒரு குழி. 'நீல இரவு' என்று ஒரு ஸீன் (விளக்குகள் எப்படி எரிய வேண்டும் என்ற ஒரு நிலை) செய்து பட்டனில் வைக்கிறீர்கள், 'சிவப்பு' என்று இன்னொன்று. நீலம் ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பை அழுத்தினால் சிவப்பு வராது, கத்தரிப்பூ நிறம் வரும். காரணம், சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களையும் அது வெளிச்ச அளவுச் சேனல்களாகவே கருதுகிறது, அந்த வகைக்கு விதி 'எது அதிகமோ அது வெல்லும்'. நீலத்தை நீங்கள் நிறுத்தவில்லை, அது இன்னும் தன் 255-ஐக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பட்டன்களை சோலோ ஃப்ரேம் என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டால் ஒன்றை அழுத்தும்போது மற்றது தானாக நின்றுவிடும். நாடகத்துக்கு அதைவிட நல்லது, ஸீன்களைச் சேஸராக (ஒன்றன்பின் ஒன்றாக) வரிசைப்படுத்தி க்யூ லிஸ்ட்டில், அதாவது விளக்கு மாற்றங்களின் பட்டியலில், வைத்து, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நகர்வது. முப்பது பட்டன் வைத்த வண்ணமயமான பக்கம் பார்க்க அழகாக இருக்கும், டிஜே வேலைக்கு உதவும், நாடகத்தில் இருட்டில் உட்கார்ந்து ஒரு கண்ணால் மேடையைப் பார்க்கிறவனுக்கு உதவாது.

க்யூ ஷீட் எழுதாமல் மென்பொருளைத் திறக்கவே கூடாது என்பது என் கட்சி. எந்த வசனத்தில், எத்தனை நொடியில், எந்தப் பக்கம் வெளிச்சம், ஏன். 'க்யூ 7, அம்மா கதவைச் சாத்தியதும், 4 நொடி, முற்றம் அணைகிறது, திண்ணை மட்டும்' என்று தாளில் இருந்தால் கணினியில் ஏற்ற சில நிமிடம்தான். தாளில் இல்லாதவர்கள்தான் எஃபெக்ட் மெனுவில் நுழைந்து வானவில் ஓடவிட்டுக்கொண்டு மாலை முழுவதையும் கழிக்கிறார்கள்.

ஃபேடு நேரத்தையும் (விளக்கு மெல்ல ஏறவோ இறங்கவோ எடுக்கும் நேரம்) திரையை நம்பி வைக்காதீர்கள். 30 நொடியில் மெல்ல அணைய வேண்டிய விளக்கில் மொத்தமே 255 படி, படிக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு நொடி. பழைய ஹாலோஜனில் இழை ஆறச் சற்று நேரம் எடுக்கும் என்பதால் படிகள் கரைந்துவிடும். எல்இடி அப்படி இல்லை, கடைசிப் பத்துப் படிகளில் வெளிச்சம் தடக் தடக்கென்று இறங்குவது பின்வரிசைக்கே தெரியும். திரையில் ஸ்லைடர் வழுக்கிக்கொண்டு போகும், அதில் எதுவும் தெரியாது. விளக்கின் மெனுவில் டிம்மர் கர்வ் (வெளிச்சம் ஏறி இறங்கும் விதம்) இருந்தால் மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் அந்தக் கடைசி இறக்கத்தைச் சட்டென்று முடித்துவிடுங்கள். முகத்துக்கு விழும் ஒளியும் அப்படித்தான். மூன்று நிறம் கலந்து செய்த வெள்ளை திரையில் தூய வெள்ளையாக இருக்கும், நம் மாநிறத்தில் விழுந்தால் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். முன்பக்கத்துக்கு வார்ம் ஒயிட் எல்இடியோ ஹாலோஜனோ கேட்டு வாங்குங்கள்.

வயர் விஷயத்தில் ஆடியோக்காரர் அன்பாகக் கொடுக்கும் மைக் கேபிளை நாசூக்காக மறுத்துவிடுங்கள். மூன்று பின் கனெக்டர் பொருந்தும், சின்ன தூரத்துக்கு வேலையும் செய்யும், நீளம் கூடக்கூட விளக்குகள் காரணமில்லாமல் துடிக்கத் தொடங்கும். டிஎம்எக்ஸுக்கு 120 ஓம் கேபிள் தனியாக உண்டு. விளக்கிலிருந்து விளக்குக்குச் சங்கிலியாகப் போக வேண்டும், ஒய் போட்டுப் பிரிக்கக் கூடாது, கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (சங்கிலியின் முனையை முடித்துவைக்கும் சின்ன ப்ளக்).

இந்த ஒருவழிப் பேச்சில் ஆபத்தும் இருக்கிறது. போன எண் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் ஏற்பாடு டிஎம்எக்ஸில் கிடையாது. அதனால் மத்தாப்பு, தீ, மேடைக்கு மேலே ஆள் தொங்கும் இயந்திரம், மேலேறி இறங்கும் மேடைப் பலகை, இவை எதையும் இந்த வயரில் ஓட்டாதீர்கள். 'ஒரு சேனல்தானே, சும்மா கிடக்கிறது' என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். வேகமான ஸ்ட்ரோப் சிலருக்கு வலிப்பைத் தூண்டும், வைத்தே ஆக வேண்டுமென்றால் வாசலில் எழுதி ஒட்டுங்கள், சில நொடியில் முடியுங்கள். பிளாக்அவுட்டில் வெளியேறும் வழி விளக்குகள் அணையக் கூடாது, இயக்குநர் கேட்டாலும்.

நாடகத்தன்று லேப்டாப்பை சார்ஜரில் போடுங்கள், ஸ்லீப், ஸ்க்ரீன் சேவர், விண்டோஸ் அப்டேட், வைஃபை எல்லாவற்றையும் நிறுத்துங்கள், யூஎஸ்பிக்கான மின்சேமிப்பையும் சேர்த்து. சிக்னல் நின்றால் சில விளக்குகள் கடைசி நிலையிலேயே நிற்கும், சில இருண்டுவிடும். எது எப்படி என்று ஒத்திகையிலேயே யூஎஸ்பியைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள். அப்புறம் கதவு திறக்கும் முன்னால் டிம்மர் செக்: ஒவ்வொரு விளக்காக ஏற்ற வேண்டியது, திரையைப் பார்க்காமல் மேடையில் நிற்கும் ஒருவர் "ஒன்று சிவப்பு, சரி, இரண்டு சிவப்பு, சரி" என்று கத்த வேண்டியது. அந்த ஆள் கிடைக்கவில்லையென்றால் நீங்களே நடந்துபோய்ப் பாருங்கள். அட்ரஸையும் மோடையும் ஒவ்வொரு விளக்கின் முதுகிலும் டேப் ஒட்டி மார்க்கரில் எழுதுங்கள். ஃபைலின் நகல் ஒன்று பென் டிரைவில் இருக்கட்டும், அதே பதிப்பு மென்பொருள் ஏற்றிய இன்னொரு லேப்டாப்போடு.