வென்டிலேட்டரைக் கழற்ற ஒரு வகுத்தல் கணக்கு

“வென்டிலேட்டர் வைத்துவிட்டால் அப்புறம் எடுக்கவே முடியாதாமே?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அப்படியெல்லாம் இல்லை, பெரும்பாலானோருக்கு எடுத்துவிடுகிறார்கள். நுரையீரல் கடுமையாகப் பழுதானவர்களிடம்தான் எப்போது எடுப்பது என்பது சிக்கலாகிறது.

காற்று நிரம்ப வேண்டிய நுண்ணறைகளில் நீர் கோத்து, நுரையீரல் விறைத்துப்போகிறது. அது ஆறும்வரை, தொண்டை வழியே செருகிய குழாயில் இயந்திரம் காற்றைத் தள்ளித் தருகிறது. ஆனால் அதற்குள், மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் வேலையில்லாமல் மெலியத் தொடங்கிவிடும். மூளைச்சாவு அடைந்து, 18 முதல் 69 மணி நேரம் வென்டிலேட்டரில் இருந்தவர்களை ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில், அந்தத் தசையின் இழைகள் பாதிக்கும் மேல் சுருங்கியிருந்தன. எடுக்க அவசரப்பட்டாலும் ஆபத்து, தாமதித்தாலும் ஆபத்து.

எனவே ஆக்ஸிஜன் தேவை குறைந்ததும், மயக்க மருந்தைக் குறைத்து, இயந்திரத்தின் உதவியைப் பெயரளவுக்கு வைத்து, 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை தானாக மூச்சுவிட வைத்துப் பார்க்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி, மூச்சுக்குழாய்ப் பாதையிலேயே நின்றுவிடும், ரத்தத்தைத் தொடாது. ஒருவர் நிமிடத்துக்கு 12 முறை, முறைக்கு 500 மில்லி இழுக்கிறார். இன்னொருவர் 30 முறை, முறைக்கு 200 மில்லி. இருவருக்கும் மொத்தம் 6 லிட்டர்தான். பாதையில் நிற்பதைக் கழித்துப் பாருங்கள்: முதல்வருக்கு 4.2 லிட்டர் பயன்படுகிறது, இரண்டாமவருக்கு வெறும் 1.5. மூச்சு வாங்க வாங்க, உள்ளே போவது குறைகிறது!

களைத்த தசை ஆழமாக இழுக்க முடியாமல் இந்த மேலோட்ட மூச்சுக்குத் தாவுகிறது. 1991-இல் யாங், டோபின் என்ற இரு ஆய்வாளர்கள் அதை ஓர் எண்ணாக்கினார்கள். நிமிட மூச்சு எண்ணிக்கையை, ஒரு மூச்சின் லிட்டர் அளவால் வகுக்க வேண்டும். முதல்வருக்கு 24, இரண்டாமவருக்கு 150. விடை 105-ஐத் தாண்டினால் தாக்குப்பிடிப்பது கடினம். பேப்பரும் பென்சிலும் போதும். புதுப்புது இயந்திரங்களுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சம் இப்படிப்பட்ட எளிய ஆய்வுகளுக்கும் போனால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

எண் நன்றாக இருந்தும் தோற்பவர்கள் உண்டு. இயந்திரத்தின் அழுத்தம் நீங்கியதும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடும். பலவீனமான இதயம் திணறி, நுரையீரலில் மறுபடி நீர் சேரலாம். இதயமும் தாங்கி, கணக்கும் தேறி, சளியைத் துப்பத் தெம்பில்லாமல் போனால் குழாய் திரும்ப உள்ளே போகும். அதனால்தான் எடுப்பதற்கு முன் படுக்கையருகே நின்று சொல்கிறார்கள்: “எங்கே, நல்லா இருமுங்க பார்ப்போம்.”