அறிபுனை: சிறுவர் விஞ்ஞான நாவலுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

திருகோணமலையில் ஒருவரையொருவர் கண்டால் “என்ன புதினம்?” என்று கேட்பார்கள். கேட்பது செய்தியை. தமிழ்நாட்டிலிருந்து வரும் ஒரு புத்தகத்தின் அட்டையில் “அறிவியல் புதினம்” என்று இருந்தால், இங்குள்ள பத்து வயதுப் பிள்ளை அதை விஞ்ஞானச் செய்தித் தொகுப்பு என்றுதான் நினைக்கும். அங்கே நாவலுக்குப் புதினம் என்பது நல்ல தமிழ்ப் பெயர். இங்கே அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. “சயன்ஸ் ஃபிக்‌ஷன்” என்பதற்குத் தமிழ் தேடும்போது இந்த இடறலை முதலில் கவனிக்க வேண்டும்.

ஆங்கிலத் தொடரின் முதற்பாதி, “அறிதல்” என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இரண்டாம் பாதியின் வேரான இலத்தீன் வினை, களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுப்பதைக் குறித்தது. நம் மொழியில் அதற்கு நேரான சொல் வனைதல். குயவர் பானை வனைவதைப் போன்ற வேலை அது. பொய் சொல்வது என்ற பொருள் பின்னால் ஏறியது.

1851இல் வில்லியம் வில்சன் என்பவர் இந்த இரண்டு சொற்களையும் முதன்முதலில் சேர்த்து எழுதினார். அப்போது அது பரவவில்லை. 1926 ஏப்ரலில் இந்த வகைக் கதைகளுக்கென்றே இதழ் தொடங்கிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக், இரண்டையும் ஒட்டி “சயன்டிஃபிக்‌ஷன்” என்றார். வாய்க்கு வசப்படாத அந்தச் சொல் நிலைக்கவில்லை. 1929இல் அவரே “சயன்ஸ் ஃபிக்‌ஷன்” என்று எழுதத் தொடங்கிய பிறகே பெயர் ஊன்றியது. “சை-ஃபை” என்ற குறுக்கம் 1950களில் பரவியது.

தமிழில் இந்தச் சொல்லின் உயிர் “புனை” என்பதில் இருக்கிறது. புனைதல் என்றால் தொடுத்தல், அணிதல், தீட்டுதல், செய்தல். மாலை புனைவார்கள், ஓவியம் புனைவார்கள். நெடுநல்வாடையில், தலைவன் பிரிந்திருக்க அணிகலன் களைந்து கிடக்கும் அரசியைப் “புனையா ஓவியம்” என்கிறார் புலவர். வண்ணம் தீட்டாமல் கோட்டோடு நிற்கும் சித்திரம் போல இருக்கிறாளாம். புனைவதற்கு முன்னே ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்பது இதில் தெரிகிறது. மாலைக்குப் பூ உண்மையானது, தொடுப்பு கைவேலை. விஞ்ஞானக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்காது.

வெறும் கற்பனைக்குத் தொல்காப்பியம் வேறு பெயர் வைத்திருக்கிறது. செய்யுளியலில் உரைநடையின் வகைகளைச் சொல்லும்போது “பொருளொடு புணராப் பொய்ம்மொழி” என்று ஒன்றைக் காட்டுகிறது. யானையும் குருவியும் நட்பாகி இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்பது போன்ற கதையை உரையாசிரியரான பேராசிரியர் அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார். சிறு பிள்ளைகளுக்கு அந்தக் கதையும் வேண்டும். ஆனால் அதன் பெயர் வேறு.

எழுத்துப்பிழை இந்தச் சொல்லில் அடிக்கடி வருகிறது. “புனைகதை” வினைத்தொகை: புனைந்த கதை, புனைகின்ற கதை, புனையும் கதை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே “புனைக்கதை” என்று க் போட்டால் பிழை. “விஞ்ஞானப் புனைகதை” என்பதில் ப் வேண்டும், மகரம் கெட்டு வல்லினம் மிகுகிறது. “அறிவியல் புனைகதை” ஒற்று இல்லாமல் நிற்கும். பழைய புணர்ச்சிப்படி “அறிவியற் புனைகதை” என்று எழுதினாலும் சரியே.

முதற்பாதிக்கு அறிவியலா விஞ்ஞானமா என்பதில் இரு கரையிலும் வழக்கு பிரிந்திருக்கிறது. இலங்கைப் பாடசாலையில் தரம் 6 முதல் பாடத்தின் பெயரே விஞ்ஞானம். வடமொழிச் சொல் என்றாலும் பிள்ளையின் பாடநூல் அட்டையில் இருப்பது அதுதான். அறிவியல் நல்ல தமிழ், தமிழ்நாட்டின் பாடப் பெயர், இங்கும் படித்தால் விளங்கும். அட்டைப் பெயர் எதுவானாலும் தடுமாற்றம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். கதையின் உள்ளே வரும் கலைச்சொற்கள்தான் பிள்ளையை வழிநெடுக இடறுபவை. திருகோணமலைப் பிள்ளை படிப்பது அமுக்கம், தமிழ்நாட்டு நூல் சொல்வது அழுத்தம். இங்கே செய்மதி, அங்கே செயற்கைக்கோள். இங்கே ஒட்சிசன், அங்கே ஆக்சிஜன். ஆர்முடுகல் அங்கே முடுக்கம், பௌதிகவியல் அங்கே இயற்பியல், இரசாயனவியல் அங்கே வேதியியல். ஒரே நாவலில் முதல் அத்தியாயத்தில் அமுக்கமும் நான்காம் அத்தியாயத்தில் அழுத்தமும் வந்தால், இரண்டும் வேறு வேறு என்றே பிள்ளை எண்ணிக்கொள்ளும். எழுதத் தொடங்குமுன் முப்பது நாற்பது சொற்களுக்கு ஓர் அட்டவணை போட்டு, வாசகரின் பாடநூலோடு ஒப்பிட்டு, கடைசி வரை அதையே பிடிக்க வேண்டும்.

“அறிபுனை” என்ற குறுக்கம் அண்மைக் காலத்தில் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. அறிவியல் புனைவைச் சுருக்கியது என்றும் கொள்ளலாம், அறிந்து புனைவது என்றும் கொள்ளலாம். இரண்டாவது வாசிப்பு அழகானது, இந்த வகையின் இலக்கணத்தையே அது சொல்லிவிடுகிறது. அறிவியலா விஞ்ஞானமா என்ற பிணக்கும் அதில் இல்லை. சிறுவர் நூலுக்கு இதையே நாம் பரிந்துரைக்கிறோம்.

பெயரைத் தவறான இடத்தில் ஒட்டுவது இன்னொரு பிழை. “வலவன் ஏவா வான ஊர்தி” என்ற புறநானூற்று அடியைக் காட்டி ஆளில்லா விமானம் அன்றே இருந்தது என்பவர்கள் உண்டு. புகழோடு வாழ்ந்தவர் மறுமையில் அடையும் பேறு அது. எப்படிப் பறக்கிறது என்ற கேள்வி அங்கே எழவேயில்லை. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி வேறு மாதிரி. தச்சன் செய்தது, அரசி பழகியது, பொறியை வலப்பக்கம் திருகினால் எழும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். செய்தவர், பயிற்சி, இயக்கும் முறை எல்லாம் சொல்லப்படுகின்றன. காவியத்தை அறிபுனை என்று கூற முடியாது, ஆனாலும் அறிபுனையின் மனப்போக்கு அதில் முளைவிட்டிருக்கிறது.

கோணேசர் கோயில் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் புராணமும் அறிபுனையும் எங்கே பிரிகின்றன என்று காட்டக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் போதும். ஏழு கிணறுகள், ஒன்றுக்கொன்று சூடு வேறு. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக நிலத்தில் ஏழு இடத்தில் குத்தினான், நீர் பீறிட்டது என்பது புராணம். கிணற்றுக்குள் இறங்கிய சிறுமி நெருப்புப் பாம்புகளின் நாட்டைக் கண்டாள் என்றால் அது மிகுபுனைவு, மாயக்கதை. மூன்று பிள்ளைகள் தினமும் காலை ஆறு மணிக்கு ஏழு கிணறுகளிலும் வெப்பமானி வைத்து அளக்கிறார்கள். ஐந்தாம் கிணறு மட்டும் வாரத்துக்கு அரைப் பாகை குளிர்ந்துகொண்டே வருகிறது. கீழே வெப்பத்தை யாரோ, எதுவோ எடுத்துக்கொண்டிருக்கிறது. இது அறிபுனை.

அந்த “எதுவோ” மட்டும்தான் எழுத்தாளர் கற்பித்தது. மற்றதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். கன்னியாவுக்குக் கீழே எரிமலை இருப்பதாக எழுதினால் கதை அங்கேயே சாய்ந்துவிடும், இலங்கையில் இயங்கும் எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடாகி, மீண்டும் மேலே வருகிறது. நிலத்துக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்க வெப்பநிலை பொதுவாக 25 முதல் 30 பாகை செல்சியஸ் கூடும். நீர் 28 பாகையில் இறங்கி 42 பாகையில் வெளிவருவதாகக் கதையில் வைத்தால், 14 பாகை ஏற அது குறைந்தது ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் ஆழம் போயிருக்க வேண்டும். ஏறி வரும் வழியில் ஆறுவதால் உண்மையில் இன்னும் ஆழம். இந்தக் கணக்கைப் பதினொரு வயதுப் பிள்ளை கதைக்குள்ளேயே போட்டுப் பார்க்கலாம். போட்டுப் பார்க்கும் பக்கம்தான் நாவலின் சுவையான பக்கமாக அமையும்.

ஓர் அறிபுனையைச் சோதிக்க எளிய வழி உண்டு. விஞ்ஞானத்தை உருவிவிட்டுக் கதையைத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். கதை அப்படியே ஓடினால் அது விண்வெளி உடை போட்ட துப்பறியும் கதை. றோபோவை வேலைக்காரன் ஆக்கினாலும் கதை மாறவில்லை என்றால் அந்த றோபோ அங்கே தேவையில்லை.

கடலடிக் கதை இந்த ஊருக்கு இயல்பாக வரும். அறிபுனை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1956இல் அந்தக் கோயில் மலையான சுவாமிமலை அடியில் முக்குளித்துக் கோணேசர் கோயிலின் இடிபாட்டுக் கற்களைக் கண்டது இந்தக் கடலில்தான். ஆனால் பிழைகள் மொய்க்கும் இடமும் அதுவே. நீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். மேற்பரப்பில் 1, 10 மீற்றரில் 2, 30 மீற்றரில் 4. மேலே வாய் கட்டிய பலூன் 30 மீற்றரில் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். திரும்பும்போது இது தலைகீழாக நடக்கும்: 30 மீற்றரில் சிலிண்டர்க் காற்றை இழுத்துக்கொண்டு மூச்சை அடக்கியபடி மேலே பாய்ந்தால், நுரையீரலுக்குள் காற்று விரிந்து உயிரைக் கொல்லும். சிறுவர் நாவலில் கதாநாயகன் அப்படிப் பாய்ந்து தப்புவது மன்னிக்க முடியாத பிழை. நாளை அந்தப் பிள்ளை நிலாவெளியிலோ புறாத்தீவிலோ கடலில் இறங்கக்கூடும்.

நீருக்குள் கைத்தொலைபேசி பேசாது, கடல்நீர் வானொலி அலையை விழுங்கிவிடும். ஒலிதான் வழி. அது கடலில் ஏறத்தாழ செக்கனுக்கு 1,500 மீற்றர் போகும், காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கு மேல். அதனால் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நம் காதுக்குப் பிடிபடாது. திருகோணமலைக்கு வெளியே ஆழ்கடலில் திமிங்கிலங்கள் உண்டு. அவற்றின் குரலைப் பின்தொடரும் பிள்ளை திசை தெரியாமல் திணறுவதே ஒரு முழு அத்தியாயத்துக்குப் போதும். சிவப்பு நிறம் முதல் பத்து மீற்றருக்குள்ளேயே மங்கிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. விளக்கு இல்லாமல் 20 மீற்றரில் ஒருவர் சிவப்புக் குங்குமச் சிமிழைக் கண்டெடுக்க முடியாது, கருஞ்சிமிழைத்தான் காண்பார்.

இனி “மிடில் கிரேட்” என்ற பதிப்புத்துறைச் சொல். ஆங்கிலத்தில் அது 8 முதல் 12 வயது வரையான வாசகரைக் குறிக்கும். அதை “இடைநிலை வாசகர்” என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இங்கே பொருள் தவறும். நம் கல்வி வழக்கில் இடைநிலை என்பது தரம் 6இலிருந்து தொடங்குவது, 16 வயதுப் பிள்ளையும் அதில் அடக்கம். 8 முதல் 12 வயது என்பது ஏறத்தாழ தரம் 4 முதல் 7 வரை, நடுவில் புலமைப்பரிசில் பரீட்சையைத் தாண்டும் பருவம். “வளரிளம் பருவம்” மேலே போய்விடும், “குழந்தை இலக்கியம்” கீழே இழுக்கும். சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் சில பெண்ணின் பருவங்களைப் பிரிக்கும்போது பெதும்பைக்கு எட்டு முதல் பதினொரு வயது என்கின்றன. வயது ஏறத்தாழப் பொருந்துகிறது, ஆனால் பையன்களை விட்டுவிடுகிறது என்பதால் பயன்படாது. “சிறுவர்” என்று சொல்லி வயதை எண்ணில் போடுவதே நேர்வழி.

இந்த வயதுக்கு எழுதும்போது அளவும் மாறும். ஆங்கிலத்தில் இவ்வகை நாவல் பெரும்பாலும் 30,000 முதல் 50,000 சொற்கள். தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை குறைந்த சொற்களில் முடியும், சொற்கள் நீளும். எனவே சொல் எண்ணிக்கையைப் பார்த்துப் பக்கம் கணக்கிட்டால் தவறும், ஒரு அத்தியாயத்தைத் தட்டச்சு செய்து அச்சுப் பக்கமாக அளந்து பார்க்க வேண்டும். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு புதிய விஞ்ஞானக் கருத்து போதும். பேராசிரியர் மாமா இரண்டு பக்கம் விளக்கம் சொன்னால் பிள்ளை தாண்டிப் போய்விடும். விளக்கத்தைச் செயலாக்குங்கள்: அளக்கட்டும், அளவு பிழைக்கட்டும், ஏன் பிழைத்தது என்று தேடட்டும்.

நாவல் என்பதற்கு இங்கே நாவல் என்றே சொல்லலாம். வாய்க்குப் பழகிய சொல், புதினத்தின் குழப்பம் இல்லை. ஆக, அட்டையில் “சிறுவர் அறிபுனை நாவல்”, அதன் கீழே “8 – 12 வயது”. உள்தலைப்புப் பக்கத்தில் “விஞ்ஞானப் புனைகதை” என்று ஒருமுறை விரித்து எழுதினால், நூலகத்தில் அட்டவணை போடுபவருக்கும் பாடசாலைக்குப் புத்தகம் தெரிவு செய்யும் ஆசிரியருக்கும் சந்தேகம் இருக்காது. எழுதுபவரை “அறிபுனை எழுத்தாளர்” என்றால் போதும். “அறிபுனைஞர்” என்று விகுதி சேர்க்கலாம், பிழை இல்லை, ஆனால் பத்து வயதுப் பிள்ளை அதை வாசிக்கையில் நாக்கு தடுக்கும்.