இத்ததக்கிமஸ்: தலைமேல் வைத்து வாங்கும் சொல்

ஜப்பானியத் தொடர்களில் சாப்பிட உட்கார்ந்ததும் கைகூப்பி 'இத்ததக்கிமஸ்' என்பார்கள். திரையின் அடியில் ஓரிடத்தில் 'சாப்பிடலாம்' என்று வரும், இன்னோரிடத்தில் 'உணவுக்கு நன்றி' என்று வரும். ஏதோ வழிபாட்டு வாசகம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்புறம் ஒரு காட்சியில், கடைக்கு வந்த பெண் ஒரு பொருளைக் காட்டி 'இதை இத்ததக்கிமஸ்' என்றாள். அங்கே சாப்பாடே இல்லை!

சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் வரும் 'மஸ்' மரியாதைக்கான விகுதி. வினைச்சொல் 'இத்ததக்கு'. அதை எழுதும் சீன எழுத்துக்கு உச்சி என்று பொருள். அதன் வலப்பாதி தலையைக் குறிக்கும் எழுத்துக்கூறு. மலையுச்சிக்கும் 'இத்ததக்கி' என்றே பெயர். உச்சியில் பனி படிந்த ஃபுஜி மலையைப் 'பனியை இத்ததக்கிய ஃபுஜி' என்று சொல்வார்கள். ஆக, முதற்பொருள் தலையில் தாங்குவது. பெரியவர் தந்ததைத் தலைக்குமேல் உயர்த்தி வாங்கும் வழக்கத்திலிருந்து அது 'பெறுதல்' என்பதற்கான பணிவுச் சொல்லானது. பிறகு உண்பதற்கும் பருகுவதற்கும் ஆனது. கடைக்காட்சி இப்போது புரிகிறது: 'இதை வாங்கிக்கொள்கிறேன்' என்பதைத்தான் அவள் பணிவாகச் சொன்னாள்.

இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்மிடமும் 'சிரமேற்கொள்ளுதல்' இருக்கிறதே! பெரியவர் சொல்லைச் சிரமேற்கொள்கிறோம். அவர்கள் தந்த புதுத்துணியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். இரண்டு மொழிகளுக்கும் உறவு இருக்கிறது என்று சொல்லவில்லை. வாங்குகிறவர் தன்னைத் தாழ்த்திக்கொள்ள, வாங்கிய பொருள் தலைக்கு ஏறுகிறது. அந்த உடல்மொழிதான் ஒன்று.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'சாப்பிடலாம்' தவறு. அது பக்கத்தில் இருப்பவரை அழைக்கிறது. இத்ததக்கிமஸ் தனியாகச் சாப்பிடுகிறவரும் சொல்வது. 'நன்றி' நெருங்கி வந்தாலும் வாங்கும் செயலை விட்டுவிடுகிறது. 'ஏற்கிறேன்' என்றால் இரத்தலின் சாயல் வந்து சேரும். 'சிரமேற்கொள்கிறேன்' வேர்ப்பொருளுக்கு அச்சாகப் பொருந்துகிறது, ஆனால் இன்று அது கட்டளைக்கும் பொறுப்புக்கும்தான் வழங்குகிறது. சோற்றுக்கு முன்னால் ஒட்டாது. என் தேர்வு 'வணங்கிப் பெறுகிறேன்'. தலை அதில் நேராக இல்லாவிட்டாலும், வணங்கும்போது தாழ்வது தலைதானே. ஜப்பானிய வினையில் நான், நாம் என்று ஒருமை பன்மை காட்டும் விகுதி கிடையாது என்பதால், பலர் சேர்ந்து சொல்லும் காட்சியில் 'பெறுகிறோம்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

சாப்பிட்டு முடித்ததும் சொல்லும் 'கொச்சிஸோஸமா'வும் இதே போல அழகானது. நடுவில் இருக்கும் 'ச்சிஸோ'வை எழுதும் இரண்டு எழுத்துகளுக்கும் ஓடுதல், விரைதல் என்றுதான் பொருள். விருந்துக்காகப் பொருள் தேடி அங்குமிங்கும் அலைந்த அலைச்சல் அது. இதற்கு நான் அகராதியைத் தேடவே இல்லை. 'எனக்காக ஓடியாடிச் செய்திருக்கிறீர்கள்' என்று நம் வீடுகளில் விருந்தாளிகள் சொல்வதுதான்.