போட்டி அமைவிட மாதிரியுரு

ஒரே சனத்தை நம்பிப் பல கடைகள் இருக்கும் ஊரில் இன்னொன்றை எங்கே திறப்பது, திறந்தால் யாருடைய வியாபாரம் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் முறைக்கு ‘கொம்பெட்டிட்டிவ் ஃபெசிலிட்டி லொகேஷன் மொடல்’ என்று பெயர். தமிழில் போட்டி அமைவிட மாதிரியுரு எனலாம்.

‘லொகேஷன்’ இடத்தைக் குறிக்கும் ‘லோகுஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. இதற்கு ‘இருப்பிடம்’ சரிவராது, அது ஆள் குடியிருக்கும் இடம். ‘கைத்தொழில் அமைவிடம்’ என்று புவியியல் பாடத்தில் படித்தவர்களுக்கு ‘அமைவிடம்’ பழகிய சொல். ‘ஃபெசிலிட்டி’யின் வேர் ‘எளிய’ என்று பொருள்படும் ‘ஃபசிலிஸ்’. அதை ‘வசதி’ என்று பெயர்த்து ‘வசதி அமைவிடம்’ என எழுதினால், வசதியானவர்கள் வீடு கட்டும் இடம் போலத் தொனிக்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிடலாம், பொருள் ஒன்றும் குறையாது. ‘மொடல்’ என்பதை வெறும் ‘மாதிரி’ என்றால் புள்ளிவிபரத்தில் வரும் ‘மாதிரி எடுப்பு’டன் குழம்பும். ஆகவே மாதிரியுரு.

கருத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1909இல் ஜெர்மனியின் அல்ஃபிரட் வேபர் ஆலையின் அமைவிடத்தைப் போக்குவரத்துச் செலவை முதன்மையாக வைத்து விளக்கினார். உதாரணமாக, ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள்தான் கிடைக்கும். கொழுந்து வேகமாகக் கெட்டும் போகும். அதனால்தான் தேயிலைத் தொழிற்சாலைகள் கொழும்பில் இல்லாமல் மலையிலேயே நிற்கின்றன. ஆனால் வேபரின் இந்தக் கணக்கில் எதிர்க்கடைக்காரர் கிடையாது. அவரைக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஹரல்ட் ஹொட்டலிங், 1929இல். ஒரே தெருவில் இரண்டு கடைகள் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வந்து சேருகின்றன என்று அவர் தந்த விளக்கம் பிரபலமானது. விலையையும் கடைக்காரர்களே தீர்மானிக்கும்போது அந்த முடிவு நிலைக்காது என்று 1979இல் மூன்று பொருளியலாளர்கள் காட்டியது அவ்வளவு பிரபலமாகவில்லை.

நடைமுறையில் அதிகம் கைகொடுப்பது 1960களில் டேவிட் ஹஃப் தந்த வாய்பாடு. கடையின் பரப்பைப் பயண நேரத்தின் அடுக்கால் வகுத்தால் அதன் ஈர்ப்பு வரும். ஈர்ப்பின் விகிதத்தில் வாடிக்கையாளர் பிரிவார்கள். அடுக்கு எத்தனை என்பதை அந்தந்த ஊர்த் தரவிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். இங்கே இரண்டு என்று வைத்துக்கொள்வோம், அதாவது நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி, அதனால் பரப்பை வகுக்க வேண்டும்.

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிவிசன், 221 குடும்பங்கள் (கணக்கு மீதியில்லாமல் வரட்டும் என்று நானே போட்ட எண்). நோர்வூட்டில் 400 சதுர அடிப் பலசரக்குக் கடை, பஸ்ஸில் 20 நிமிடம். ஹட்டனில் 3600 சதுர அடிக் கடை, 40 நிமிடம். ஈர்ப்பு முறையே 1, 2.25. நோர்வூட்டுக்கு 68 குடும்பங்கள், ஹட்டனுக்கு 153. இப்போது நோர்வூட்டில் அதே அளவில் இன்னொரு கடை வருகிறது. பழைய கடைக்கு 52, புதியதற்கு 52, ஹட்டனுக்கு 117.

புதிய கடை யாருடையது? வெளியாளுடையது என்றால் 52ம் அவருக்கு இலாபம். பழைய நோர்வூட் முதலாளியே திறந்தால், 16 குடும்பங்கள் அவருடைய ஒரு கடையிலிருந்து மற்றதற்கு மாறியவை, கூடியது 36தான். ஹட்டன் முதலாளி கிளை போட்டால் கூடுவது வெறும் 16. ஒரே கட்டடம், ஒரே வாடகை, மூன்று பேருக்கு மூன்று கணக்கு. பெயரில் ‘போட்டி’ இருக்க வேண்டிய காரணம் இதுதான். அதை விட்டுவிட்டு ‘சிறந்த இடம்’ என்று பேசுவது யாருக்குச் சிறந்தது என்று சொல்லாத பேச்சு.

இன்னொன்று, தூரத்தை வரைபடத்தில் அளக்கக் கூடாது. எதிர் மலையில் லயத்து விளக்கு தெரியும், ஆனால் ரோட்டில் போனால் பள்ளத்தில் இறங்கி, பாலம் கடந்து, திரும்ப ஏற வேண்டும். முதல் கணக்கிலேயே ஹட்டன் பயணம் 60 நிமிடமாக நீண்டால் ஈர்ப்பு 1 ஆகி, இரண்டு கடைக்கும் ஆளுக்குப் பாதி. மண்சரிவில் ரோடு அடைபட்டால் இதுவும் மாறும். சம்பள நாளுக்கும் சாதாரண நாளுக்கும் ஒரே அடுக்கு பொருந்துமா என்பதையும் பார்க்க வேண்டும்.

எதிராளியும் பதிலுக்குக் கடை திறப்பார் என்று முன்கூட்டியே எண்ணி அமைக்கும் மாதிரியுருக்களும் உண்டு. அவற்றில் ‘லீடர்’, ‘ஃபொலோவர்’ என வருபவர்களைத் தலைவர், தொண்டர் என்று பெயர்த்தால் தேர்தல் மேடை ஞாபகம் வரும். முந்துபவர், பிந்துபவர் போதும்.